மூணு சிக்மாவும் ஒரு ரெண்டு ரூபாய்க் காசும்

முட்டத்தில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பாறைகளுக்கு நடுவே இறங்கினால் ஒரு வாசனை மூக்கில் ஏறும். கருவாட்டு வாசனையைச் சொல்லவில்லை. அதற்கும் உப்புக்காற்றுக்கும் அடியில், லேசாக, முட்டைக்கோஸ் வேகும்போது வருவது போன்ற ஒன்று. அதன் வேதிப்பெயர் டைமெத்தில் சல்ஃபைடு. கடல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும், அவற்றைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உண்டாக்கும் வாயு. ‘கடல் வாசனை’ என்று நாம் சொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

2025 ஏப்ரலில் இந்த வாசனைதான் உலகச் செய்தி ஆனது. 124 ஒளியாண்டு தூரத்தில், சிம்ம ராசி மண்டலத்தில், ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தைச் சுற்றி வரும் கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடோ அல்லது அதன் பங்காளியான டைமெத்தில் டைசல்ஃபைடோ இருப்பதற்கான தடயம் தெரிகிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் அறிவித்தார்கள். மதுசூதன் இந்தியாவில் பிறந்து, வாரணாசியில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். அதனால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் செய்தி இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்தது.

நான் விஞ்ஞானி இல்லை. தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அறிவியல் செய்தி படிப்பது பழக்கம். பீடி, வெற்றிலை மாதிரி இதுவும் ஒன்று. செய்தியைப் படித்ததும் அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். நம் உத்திர நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரை டிகிரி. நாகர்கோவில் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரி சொச்சம். அப்படியென்றால் அது நம் மாவட்டத்தின் உச்சந்தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே கடந்து போகிறது! ஏப்ரல் நடுவில், ராத்திரி பத்து மணி வாக்கில். வெறும் கண்ணுக்குத் தெரியாது, மங்கல். ஆனாலும் மொட்டைமாடியில் படுத்து நேராக மேலே பார்த்தேன், தெரியாத ஒன்றை.

மறுநாள் அக்கா மகன் கடைக்கு வந்தான். பதினொன்றாம் வகுப்பு. கையில் போன்.

“மாமா, வேற கிரகத்துல உயிர் இருக்காம்லா. 99.7 சதவீதம் உறுதியாம்.”

“அப்படியா போட்டிருக்கு?”

“மூணு சிக்மான்னு போட்டிருக்கு. கீழ ஒருத்தன் 99.7ன்னு விளக்கம் எழுதியிருக்கான்.”

இந்தக் கட்டுரை அந்த ‘மூணு சிக்மா’வுக்காகத்தான். அறிவியல் செய்தி படிக்கிறவர்கள் ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கருந்துளை, குவாண்டம் எல்லாம் அப்புறம்.

கல்லாவில் இருந்து ஒரு ரெண்டு ரூபாய்க் காசை எடுத்து அவனிடம் கொடுத்தேன். “நூறு தடவை சுண்டு. தலை எத்தனை விழுதுன்னு எண்ணு.” முதல் நூறில் 57 தலை. காசில் கோளாறா? இன்னொரு நூறு சுண்டச் சொன்னேன். 46. மூன்றாவது நூறில் 52. பையனுக்குக் கை வலித்தது, நிறுத்தினோம்.

நல்ல காசு என்றால் நூற்றுக்கு ஐம்பது தலை விழ வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். சரிதான், ஆனால் துல்லியமாக 50 விழுவது பன்னிரண்டு பதின்மூன்று முயற்சிக்கு ஒரு தடவைதான் நடக்கும். மற்ற நேரமெல்லாம் 50-ஐச் சுற்றி ஆடிக்கொண்டுதான் இருக்கும். சின்னமுட்டம் துறைமுகத்தில் கட்டிப்போட்ட வள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிறு இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் வள்ளம் சும்மா நிற்காது, அலைக்கு இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து யாரும் ‘கயிறு அறுந்துபோச்சு’ என்று கத்த மாட்டார்கள். எவ்வளவு தூரம் விலகினால் கத்துவது? அதற்கு முதலில், சாதாரணமாக எவ்வளவு ஆடும் என்று தெரிய வேண்டும்.

அந்தச் சாதாரண ஆட்டத்தின் அளவுதான் சிக்மா. பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘திட்ட விலக்கம்’ என்று படித்துவிட்டுப் பரீட்சையோடு மறந்தோமே, அதேதான். காசுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: எத்தனை தடவை சுண்டினோமோ அதன் வர்க்கமூலத்தில் பாதி. நூறின் வர்க்கமூலம் 10, அதில் பாதி 5. ஆக நூறு தடவை சுண்டினால் ஒரு சிக்மா என்பது ஐந்து தலை. 45-க்கும் 55-க்கும் இடையில் வந்தால் வள்ளம் ஆடுகிறது, அவ்வளவுதான். மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் அதற்குள்தான் வரும். 60 வந்தால் இரண்டு சிக்மா விலகல். 65 வந்தால் மூன்று. 75 வந்தால் ஐந்து.

மருமகனுக்கு வந்த 57? ஒன்றரை சிக்மாகூட இல்லை. நல்ல காசை வைத்துக்கொண்டு பத்துப் பேர் சுண்டினால் ஒருவருக்கு 57-ஓ அதற்கு மேலோ விழும்.

இரண்டு சிக்மாவுக்கு வெளியே, மேலோ கீழோ, போவது இருபது தடவைக்கு ஒரு தடவை. மூன்று சிக்மாவுக்கு வெளியே போவது சுமார் 370-க்கு ஒரு தடவை. (காசு விஷயத்தில் முழு எண்களாக மட்டும் வருவதால் இது கொஞ்சம் மாறும், அந்தக் கணக்கில் இறங்கினால் சாயா ஆறிவிடும்.) 370-ல் ஒன்று என்பதைச் சதவீதமாக்கினால் 0.27, அதைத்தான் 0.3 என்று எழுதுகிறார்கள். நூறில் இருந்து கழித்தால் 99.7. பையன் படித்த எண் இங்கிருந்து வந்ததுதான்.

கேட்டால் மூன்று சிக்மாவே பெரிய விஷயமாகத் தெரியும். அப்புறம் ஏன் இயற்பியல்காரர்கள் ஐந்து சிக்மா வராமல் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லைத் தொட மாட்டேன் என்கிறார்கள்?

2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. கைக்குழந்தை முதல் கிழவி வரை எல்லோர் கையிலும் ஒரு நல்ல காசு கொடுத்து நூறு தடவை சுண்டச் சொல்வோம். 65-ஓ அதற்கு மேலோ தலை எத்தனை பேருக்கு விழும்? மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. ஒரு தப்பும் இல்லாத காசு, ஒரு மந்திரமும் இல்லை. இப்போது அந்த மூவாயிரம் பேரில் ஒருவர், களியக்காவிளைக்காரர் என்று வைத்துக்கொள்வோம், ‘என் காசு விசேஷமானது, மூன்று சிக்மா’ என்று வந்து நிற்கிறார். படம் எடுத்துச் செய்தி போட்டாயிற்று. மற்ற பதினெட்டரை லட்சம் பேரின் 48, 53, 51 எல்லாம் செய்தியில் வராது. அவருடைய 65-ஐ மட்டும் பார்க்கிறவருக்கு அது அதிசயம். எத்தனை பேர் சுண்டினார்கள் என்று கேட்கிறவருக்கு அது எதிர்பார்த்ததுதான்.

அதே மாவட்டத்தில் 75 தலை? முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்று அது. மாவட்டமே சுண்டினாலும் ஒருவருக்குக்கூட விழாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஐந்து சிக்மாவில் கோடு கிழித்ததற்கு இதுதான் பெரிய காரணம். துகள் இயற்பியலில் ஒரு சோதனையில் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறார்கள். அத்தனை இடத்திலும் தேடினால் ஏதாவது ஒரு மூலையில் மூன்று சிக்மா தானாக முளைக்கும்.

முளைத்தும் இருக்கிறது. 2015 டிசம்பரில், துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில், அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு கருவிகளின் வரைபடத்திலும் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. புதிய துகளோ என்று ஒரே பரபரப்பு. சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்துவிட்டன. 2016 ஆகஸ்டில் இன்னும் நிறையத் தரவு சேர்ந்ததும் மேடு கரைந்து சமதரை ஆகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தப்புப் பண்ணவும் இல்லை. 65 தலை விழுந்தது, அவ்வளவுதான். இதே செர்னில் 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது இரண்டு கருவிகளும் தனித்தனியாக ஐந்து சிக்மா அளவைத் தொட்டிருந்தன. அந்த மேடு இன்றுவரை கரையவில்லை; தரவு சேரச் சேர உயர்ந்துகொண்டுதான் போகிறது.

சரி, ஐந்து சிக்மா வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? இங்கேதான் என் சொந்த அவமானக் கதை.

2011 செப்டம்பரில், ஜெனீவா பக்கமிருந்து அனுப்பிய நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்துக்கு, ஒளி வந்து சேரும் நேரத்தை விட 60 நானோ வினாடி முன்னதாகவே வந்துவிட்டன என்று ஓபரா என்ற குழு அறிவித்தது. நிச்சயத்தன்மை ஆறு சிக்மா. நான் அன்று சாயங்காலம் சாயாக்கடையில் ஐன்ஸ்டைனுக்கு இரங்கல் கூட்டமே நடத்திவிட்டேன். ஐந்து போதும் என்கிறார்கள், இது ஆறு, இனி என்ன சந்தேகம்? ஆறு பேருக்குச் சாயாவும் பழம்பொரியும் என் செலவு. 2012-ல் காரணம் தெரிந்தது: நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்றின் இணைப்பு சரியாக முடுக்கப்படாமல் இருந்திருக்கிறது. நியூட்ரினோ ஒளியை முந்தாமல் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தச் சாயாக்கடைக்குள் நுழைந்தால், “வாங்க அண்ணாச்சி, ஒளிக்கு முந்தியே வந்துட்டீங்களே” என்று ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்.

எங்கே சறுக்கினேன் என்று பின்னால்தான் புரிந்தது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி வைத்து வியாபாரம் பண்ணுகிற கதை கேட்டிருப்பீர்கள். அந்தத் தராசில் ஒரே மீனை ஆயிரம் தடவை நிறுத்தாலும் ஆயிரம் தடவையும் ஒரே எடைதான் காட்டும். ஆட்டமே இருக்காது. சிக்மா கணக்குப் போட்டால் பிரமாதமான நிச்சயம் வரும். ஆனால் எடை தப்பு. தற்செயலாக ஆடும் ஆட்டத்தைத்தான் சிக்மா அளக்கிறது. தட்டின் அடியில் இருக்கும் புளி அதன் கண்ணில் படாது. நமக்குத் தெரிந்த கோளாறுகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள், சேர்க்கவும் செய்தார்கள். தெரியாத கோளாறை யார் சேர்ப்பது? அதனால்தான் வேறொரு குழு, வேறொரு கருவியில், வேறொரு தராசில் நிறுத்துப் பார்ப்பதற்கு இவ்வளவு மரியாதை. ஓபரா குழுவின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ‘எங்களாலேயே நம்ப முடியவில்லை, நீங்களும் தேடிப் பாருங்கள்’ என்கிற தொனியில்தான் அவர்கள் தரவை வெளியிட்டார்கள். பழம்பொரி வாங்கிக் கொடுத்தது நான்.

இனி மருமகனின் 99.7-க்கு வருவோம். அவன் செய்த தவறைப் பத்திரிகைகளும் செய்கின்றன, சில நேரம் படித்தவர்களும் செய்கிறார்கள்.

0.3 சதவீதம் என்பது எதன் வாய்ப்பு? ‘அந்த வாயு அங்கே இல்லவே இல்லை, எல்லாம் வெறும் இரைச்சல் என்றால், இப்படி ஒரு தடயம் தற்செயலாக வருவதற்கான’ வாய்ப்பு. இதைத் திருப்பிப் போட்டு, ‘இந்தத் தடயம் வந்துவிட்டதால், அது தற்செயலாக இருப்பதற்கு 0.3 சதவீதம்தான் வாய்ப்பு, ஆகவே உயிர் இருக்க 99.7’ என்று படித்தால் தப்பு. மழை பெய்தால் பெரும்பாலோர் குடை விரிப்பார்கள். அதற்காகக் குடை விரித்தவர்களில் பெரும்பாலோர் மழையில் நிற்கிறார்கள் என்று ஆகுமா? சித்திரை வெயிலில் வடசேரிச் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை குடை.

அதுவும் தவிர, அந்த 0.3-க்கும் உயிருக்கும் நடுவே ஒரு சங்கிலி போல இரண்டு மூன்று கண்ணிகள் இருக்கின்றன. கே2-18பி 33 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போகிறது. அப்போது நட்சத்திர ஒளியில் ஒரு துளி, கோளின் விளிம்பில் இருக்கும் காற்றுப் படலத்தின் வழியாக வடிந்து வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த நிறங்களை அதிலிருந்து தின்றுவிடும். எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு நிறங்களில். அந்த வளைகோடு மேலும் கீழும் நெளிந்திருப்பது நிஜமா, இரைச்சலா? அந்த முதல் கேள்விக்குத்தான் மூன்று சிக்மா என்று பதில். அதே தரவை எடுத்துச் சற்று வேறு விதமாக அலசிய மற்றவர்கள், நெளிவே இல்லை, நேர்கோடு போட்டாலும் பொருந்துகிறது என்கிறார்கள்.

நெளிவு நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், தின்றது எந்த வாயு? இதில்தான் களியக்காவிளைக்காரர் மறுபடி வருகிறார். இன்னொரு குழு 90 மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. டைமெத்தில் சல்ஃபைடு அளவுக்கோ அதைவிட நன்றாகவோ பொருந்துபவை வேறு பலவும் இருந்தன. அந்தக் குழுவின் முன்வரிசையில் இருந்த லூயிஸ் வெல்பாங்ஸ், மதுசூதனிடமே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். குருவிடம் கற்றதைக் குருவின் முடிவிலேயே போட்டுப் பார்ப்பதை நான் அறிவியலின் அழகான பக்கமாகவே பார்க்கிறேன். மதுசூதன் தரப்பும் சும்மா இருக்கவில்லை, பட்டியலை 650 மூலக்கூறுகளாக நீட்டிப் பதில் எழுதினார்கள்.

வாயு டைமெத்தில் சல்ஃபைடுதான் என்றே ஆனாலும், அதை உண்டாக்கியது உயிரா? நம் கடலில் பெரும்பாலும் ஆமாம். ஆனால் 67பி என்ற வால்நட்சத்திரத்தை ரொசெட்டா விண்கலம் முகர்ந்து அனுப்பிய தரவிலும் அதே வாயு இருந்திருக்கிறது. வால்நட்சத்திரத்தில் பாசி வளர்வதாக யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, முட்டத்துக் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத இந்த வாயு, கே2-18பி-யில் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருந்தால்தான் அளவீடு பொருந்துகிறது.

எனவே 99.7 என்பது முதல் கண்ணிக்கு மட்டும் உரிய எண், அதுவும் அரைகுறையாக உரியது. அதைக் கடைசிக் கண்ணியில் கொண்டுபோய் மாட்டியதுதான் பிழை. ஆராய்ச்சிக் குழு இதை மாட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து சிக்மாவுக்கு இன்னும் தொலைநோக்கி நேரம் வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். தலைப்புப் போடுகிறவர்களுக்கு அந்த வரி நீளமாகத் தெரிந்திருக்கும்.

சிக்மாவில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அது எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் உள்ள தூரம். அளந்தது மாறாமல் இருக்க, எதிர்பார்த்ததே நகர்ந்தாலும் தூரம் குறையும். மியூவான் என்ற துகளின் காந்தத்தன்மை கோட்பாடு சொல்வதில் இருந்து 4.2 சிக்மா விலகியிருக்கிறது என்று 2021-ல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் அறிவித்தபோது, இயற்பியல் புத்தகத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும் என்றார்கள். 2025-ல் அளவீடு முன்னைவிடத் துல்லியமாக, அதே இடத்தில் வந்து நின்றது. ஆனால் அதற்குள் கோட்பாட்டுக் கணக்கைப் புதிதாகப் போட்டவர்களின் விடை அளவீட்டின் பக்கம் நகர்ந்துவிட்டது. விலகல் போயிற்று. வள்ளம் நகரவில்லை, அதைக் கட்டும் தறியைத்தான் நாம் தப்பான இடத்தில் குறித்து வைத்திருந்தோம்.

இப்போது நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது இருண்ட ஆற்றல் விவகாரம். பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளும் அந்த ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்று, விண்மீன் மண்டலங்களை அளந்து வரைபடம் போடும் டெசி ஆய்வுக்குழு 2025 மார்ச்சில் சொன்னது. எத்தனை சிக்மா? எந்தத் தரவோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8-இல் இருந்து 4.2 வரை. முன்பெல்லாம் நான் 4.2-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் போயிருப்பேன். இப்போது அந்த ‘பொறுத்து’ என்ற சொல்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்கிறது. இது கரையாத மேடாக இருந்தால்?

மருமகனிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் இரண்டு பேர் ஆதார் நகல் எடுக்க வந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அவன் யோசித்துச் சொன்னான்: “அப்போ இந்தக் காசு நல்ல காசுன்னும் நமக்கு உறுதியாத் தெரியாதுல்லா மாமா? ஒரு ஓரமா லேசாக் கோணலா இருந்தா நூறு தடவையில தெரியாதே.”

தெரியாதுதான். நூறு தடவையில் ஒரு சிக்மா 5 சதவீதம். பத்தாயிரம் தடவை சுண்டினால் சிக்மா 50 தலை, அதாவது அரை சதவீதம். நூறு மடங்கு உழைத்தால் பத்து மடங்கு துல்லியம். தொலைநோக்கி நேரத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

காசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நோட்டுப் போட்டு எழுதுகிறான். போன வாரம் வரை 3,000 தடவை, 1,541 தலை. சிக்மா 27 சொச்சம், விலகல் 41, ஆக ஒன்றரை சிக்மா. “கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு மாமா” என்கிறான் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. அக்கா நேற்று போன் பண்ணினாள். ராத்திரி பதினொரு மணிக்கு வராந்தாவில் ணங்கு ணங்கு என்று சத்தமாம், அந்தக் காசை ஒளித்து வைக்கப்போகிறாளாம். இன்னும் ஏழாயிரம்தான் பாக்கி, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.